லேத் டூலுக்குச் சாணை பிடிக்க எந்த கிரைண்டர் வாங்கலாம்?

கோயம்புத்தூரில் கிரைண்டர் வாங்கணும் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "எத்தனை லிட்டருங்க?" என்றுதான் முதல் கேள்வி வரும். மாவாட்டுகிற கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், வேறு எப்படிக் கேட்பார்கள். நான் பேசப்போவது அது இல்லை, லேத்தில் மாட்டி இரும்பைக் கடைகிற டூலுக்குச் சாணை பிடிக்கிற கிரைண்டர்.

என் மச்சினன் மகன் இங்கே கணபதி பகுதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை போட்டிருக்கிறான். பழைய பிஎஸ்ஜி லேத் ஒன்று, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பவர் ஹேக்ஸா, அவ்வளவுதான். டூல் மழுங்கினால் இதுவரை பக்கத்துப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். ஓனர் இருந்தால் முகம் சுளிப்பார், இல்லாத நாளில் போனால் கல் பள்ளமாகக் கிடக்கும். போன வாரம் போனில் ஆறேழு மெஷின் படத்தை வரிசையாக அனுப்பிவிட்டு "மாமா, இதுல எதுங்க வாங்கட்டும்?" என்று கேட்டான். சில ஆயிரத்தில் ஒன்று இருக்கிறது, லட்சத்தைத் தொடுகிற மாதிரியும் ஒன்று இருக்கிறது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

படங்களைப் பார்த்ததும் நான் திருப்பிக் கேட்டது மெஷினைப் பற்றி இல்லை. என்ன டூல் போட்டு ஓட்டுகிறாய் என்றுதான் கேட்டேன். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் என்றால் அலுமினியம் ஆக்சைடு கல் வேண்டும். இரும்புத் தண்டின் நுனியில் பற்றவைத்த (பிரேஸ் பண்ணின) விடியா டூல் என்றால் பச்சைக் கல்லோ வைரக் கல்லோ வேண்டும். இன்செர்ட், அதாவது தண்டில் திருகி மாட்டுகிற சின்ன வெட்டுத் துண்டு என்றால் எதுவுமே வேண்டாம், முனை தேய்ந்தால் திருப்பிப் போடு, எல்லா முனையும் தீர்ந்தால் தூக்கிப் போடு. இந்த மூன்றில் எது உன் வேலையில் முக்கால்வாசி என்று தெரியாமல் மெஷின் விலையை மட்டும் பார்ப்பது வெட்டி வேலை.

(விடியா என்று நாம் சொல்வது கார்பைடைத்தான். அது ஜெர்மனியில் க்ருப் கம்பெனி 1920களில் வைத்த பிராண்ட் பெயர், 'வைரத்தைப் போல' என்ற பொருள் வருகிற இரண்டு ஜெர்மன் சொற்களை ஒட்டினது. நம்ம ஊர் டர்னர்கள் வாயில் அது பொருளின் பெயராகவே ஆகிவிட்டது.)

அவன் பதில்: "முக்கால்வாசி எச்எஸ்எஸ்தானுங்க மாமா. புஷ், ஷாஃப்ட், பின்னு. வார்ப்பிரும்பு வந்தா மட்டும் விடியா." அப்படியானால் பாதி முடிவு ஆகிவிட்டது. முழுக்க இன்செர்ட்டுக்கு மாறிவிடலாமே என்று ஒருவர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய லேத்தில் ஸ்பிண்டில் (சுழல்கிற தண்டு) வேகமும் விறைப்பும் இன்செர்ட் கேட்கிற அளவுக்கு இருக்காது. வேண்டிய வடிவத்தையே முனையில் கொண்ட ஃபார்ம் டூல், உள் பள்ளம் போடுகிற டூல், ஒரே ஒரு பீசுக்காக வேண்டியிருக்கிற விசித்திரமான வளைவு, இதற்கெல்லாம் எச்எஸ்எஸ்ஸைக் கையால் சாணை பிடித்துக்கொள்வதுதான் சுலபம். ஜாப் ஒர்க் பட்டறையில் சாணை இல்லாமல் காலம் தள்ள முடியாது.

சரி, முதல் ஆள்: 6 இஞ்ச் விட்டக் கல் போட்ட பெஞ்ச் கிரைண்டர். ரெண்டு பக்கமும் கல், நடுவில் மோட்டார், மேஜையில் நாலு போல்ட். நானும் இதில்தான் ஆரம்பித்தேன், ஏமாந்ததும் இதில்தான். முதன்முதலில் வாங்கினது பேர் தெரியாத ஒரு மெஷின். கடையில் போட்டுக் காட்டினபோது சத்தமே இல்லை. பட்டறையில் மாட்டிச் சுவிட்சைத் தட்டினால் மேஜை மேல் இருந்த வெர்னியர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போகிறது. கல் ஒரு பக்கம் ஆடுகிறது. கல்லை மாற்றினேன், அப்போதும் ஆடுகிறது. பார்த்தால் கல்லை இருபக்கமும் அணைத்துப் பிடிக்கிற ஃபிளாஞ்சு இரண்டும் தகட்டில் அடித்து எடுத்தது, ஒன்று வளைந்திருந்தது. லேத்திலேயே மைல்ட் ஸ்டீலில் இரண்டு ஃபிளாஞ்சு கடைந்து போட்ட பிறகு அதே மெஷின் எட்டு வருஷம் ஓடியது. லேத் வைத்திருக்கிறவனுக்கு இது ஒரு சௌகரியம், கிரைண்டரில் உள்ள பாதிக் குறையை லேத்தே சரிபண்ணிவிடும்.

இந்த வகை மெஷின் எல்லாவற்றிலும் மூன்று குறை பொது. கூட வருகிற கல் சாம்பல் நிறத்தில் கரடாக, கடினமாக இருக்கும், வெல்டிங் பட்டறைக்கு அது போதும், டூலுக்கு ஆகாது. டூலை வைத்துப் பிடிக்க டூல் ரெஸ்ட் என்ற பேரில் வருகிற தகடு விரலால் அழுத்தினாலே வளையும். மூன்றாவது, சின்ன மோட்டாராக இருந்தால் அழுத்திப் பிடித்ததும் திணறும். மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டையும் காசு கொடுத்தோ கையாலோ சரி செய்துவிடலாம். அதனால்தான் இதை ஒதுக்கச் சொல்லமாட்டேன்.

அடுத்தது 8 இஞ்ச். மோட்டார் பெரிது, ஸ்பிண்டில் தடிமன், எடை கூட, அதனாலேயே நடுக்கம் குறைவு. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இரண்டு போல் மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்று வாக்கில் ஓடும். 150 மில்லிமீட்டர் (6 இஞ்ச்) கல்லின் விளிம்பு அப்போது நொடிக்கு 22 மீட்டர் போகும். அதே சுற்றில் 200 மில்லிமீட்டர் (8 இஞ்ச்) கல் போட்டால் 29 மீட்டர். வேகமாக அரைக்கும், சூடும் அதிகம். நாலு போல் மோட்டார், அதாவது 1,440 சுற்று, அதில் 200 மில்லிமீட்டர் கல் போட்டால் 15 மீட்டர்தான். டூல் பிடிக்க எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி ஜோடி. கை பதறாது, முனை சட்டென்று சிவக்காது, புதிதாகப் பழகுகிறவன் ஒரு நொடி கவனம் தப்பினாலும் டூல் பாதி போகாது. ஒரு விஷயம், மெதுவாகச் சுற்றுகிற கல் மெத்தென்ற கல் மாதிரி நடந்துகொள்ளும், சீக்கிரம் தேயும், ஆகவே ஒரு எழுத்து கடினமான கிரேடு (கல்லின் கடினத்தைக் குறிக்கிற ஆங்கில எழுத்து) வாங்கிக்கொள்ளலாம். கடையில் கண்ணில் படுகிற 8 இஞ்ச் மெஷின் பெரும்பாலும் 2,800 சுற்றுதான், 1,440 வேண்டும் என்று கேட்டு வாங்கணும்.

சூடு என்றதும் ஒரு பழைய பயத்தைச் சொல்லிவிடுகிறேன். டூல் நுனியில் நீலம் ஏறினால் டெம்பர், அதாவது எஃகுக்கு ஏற்றின பதம், போச்சு என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் தலையில் கொட்டுவார். அவர் பழகினது கார்பன் ஸ்டீல் டூலில், அதற்கு அது உண்மை. எச்எஸ்எஸ்ஸை டெம்பர் செய்வதே 550 டிகிரி செல்சியஸ் சுமாரில், நீலம் ஏறுவது 300 டிகிரி பக்கத்தில். ஆக நீலத்தால் எச்எஸ்எஸ் கெடாது. கெடுவது நுனி சிவக்கிறவரை அழுத்தினால். அதைவிட மோசம், அப்படிக் கொதிக்கிற நுனியைச் சுர்ரென்று தண்ணீரில் முக்குவது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டு, வெட்டும்போது முனை பொடியாக உதிரும். தண்ணீர் டப்பா வேண்டும்தான், ஆனால் விரல் சுடுகிறதே என்று அடிக்கடி முக்கிக்கொள்ளத்தான் அது. விடியாவை மட்டும் தண்ணீரில் முக்கவே கூடாது, வெடித்துவிடும்.

இப்போது கல். என் கணக்கில் மெஷினுக்குப் போடுகிற யோசனையில் பாதியைக் கல்லுக்குப் போடணும். எச்எஸ்எஸ்ஸுக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, 60 கிரிட் (மணியின் அளவு, எண் கூடக்கூட மணி பொடிசு), கிரேடு கே அல்லது எல், விட்ரிஃபைட் பாண்ட் (மணிகளைச் சுட்டு ஒட்டின பிணைப்பு). இன்னொரு பக்கம் 80 அல்லது 100 கிரிட் போட்டால் ஃபினிஷிங்குக்கு ஆகும். வெள்ளைக் கல் ஏன் என்றால் அதன் மணி லேசில் உடையும், மழுங்கினது உதிர்ந்து புது முனை வெளியே வரும், அதனால் உரசல் சூடு குறையும். கடினமான சாம்பல் கல்லில் மழுங்கின மணி விடாமல் ஒட்டிக்கொண்டு கண்ணாடி மாதிரி மினுங்கும், அதில் டூலை வைத்தால் வெட்டாது, தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கும். கார்போரண்டம் யுனிவர்சல், நார்ட்டன் இரண்டும் நம்ம கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். வாங்கப் போகும்போது துளை அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். 31.75 மில்லிமீட்டர் துளை சகஜம், உங்கள் ஸ்பிண்டில் அரை இஞ்ச்சோ 20 மில்லிமீட்டரோ இருக்கும், நடுவே புஷ் வேண்டும். பிளாஸ்டிக் புஷ் தளர்வாக இருந்தால் கல் ஆடும். அதற்குப் பதில் ஒரு அலுமினியப் புஷ் கடைந்துகொள்வது அரை மணி நேர வேலை.

கூடவே ஒரு சிங்கிள் பாயிண்ட் டைமண்ட் டிரஸ்ஸர், கல்லின் முகத்தை வழித்துச் சமன் பண்ணுகிற வைர முனை. இது இல்லாமல் எவ்வளவு நல்ல கிரைண்டர் வாங்கினாலும் ரெண்டு மாதத்தில் பக்கத்துப் பட்டறைக் கல் மாதிரி பள்ளம் விழுந்துவிடும். புதுக் கல் மாட்டுவதற்கு முன் விரலில் தொங்கவிட்டு ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள், மணி மாதிரிச் சத்தம் வந்தால் சரி, பானை ஓட்டைத் தட்டின மாதிரி மந்தமாக வந்தால் உள்ளே விரிசல், அதை மாட்டவே வேண்டாம். கல்லில் எழுதியிருக்கிற அதிகபட்சச் சுற்று உங்கள் மோட்டார் சுற்றைவிடக் கூடவா என்று பாருங்கள். மாட்டி முதல் தடவை ஓட்டும்போது ஒரு நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள், கல்லுக்கு நேரே நிற்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு சாணை பிடிக்காதீர்கள், கண்ணாடி போடாமலும் பிடிக்காதீர்கள்.

ரெஸ்ட்டுக்கு நான் செய்கிற வழி இது. 8 மில்லிமீட்டர் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, அடியில் ஒரு ஆங்கிள், சாய்க்க ஒரு போல்ட், முன்பின் நகர்த்த ஒரு ஸ்லாட். கிரைண்டர் பாடியில் மாட்டாமல் மேஜையிலேயே மாட்டிவிட்டால் மோட்டார் நடுக்கம் அதில் ஏறாது. கல்லுக்கும் ரெஸ்ட்டுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, போனால் ஒரு நாள் டூல் உள்ளே சிக்கும், விரலும் கூடவே போகும். கோணம் வைக்க டிஜிட்டல் கருவி எதுவும் வேண்டாம். நன்றாக வெட்டிக்கொண்டிருந்த ஒரு டூலின் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, ரெஸ்ட்டில் வைத்து, சுவிட்ச் போடாமல் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மை மேலே மட்டும் போயிருந்தால் ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்க்கணும், கீழே மட்டும் போயிருந்தால் மறுபக்கம், நடுவில் போயிருந்தால் கோணம் வந்துவிட்டது. அப்புறம் போல்ட்டை முறுக்கிவிட்டு அந்த முகத்துக்கு அதைத் தொடாதீர்கள். மைல்ட் ஸ்டீலுக்கு முன் கிளியரன்ஸும் பக்க கிளியரன்ஸும் (வேலையில் உரசாதபடி முகத்துக்கு விடுகிற சாய்வு) 8 டிகிரி, மேல் ரேக் (மேல் முகத்தின் சாய்வு) 12 வாக்கில், பித்தளை என்றால் ரேக் வேண்டவே வேண்டாம். இவ்வளவு போதும், மீதியைக் கை கற்றுக்கொள்ளும்.

பிடிக்கும்போது பொறியைப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் மஞ்சளாக நீளமாகப் பூ விடும், எச்எஸ்எஸ் மங்கின சிவப்பில் குட்டையாக ரெஸ்ட்டை ஒட்டியே விழும், பூ கிட்டத்தட்ட இருக்காது. கல்லின் அகலம் முழுக்க இடம்வலமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் கல்லும் பள்ளமாகாது. பொறி கீழ் ஓரத்தில் தொடங்கி மெல்ல மேலேறி, வெட்டு முனையைத் தாண்டி மேல் முகத்தில் எட்டிப்பார்க்கிற அந்தக் கணத்தில் நிறுத்தணும். அதற்குமேல் ஒரு வினாடி அதிகம் பிடித்தாலும் முனையைத்தான் தின்கிறோம். கடைசியாக ஆயில் ஸ்டோனில் நாலு இழுப்பு. வட்டக் கல் முகத்தில் ஒரு சின்னக் குழிவு விட்டிருக்கும், அது குறை இல்லை, ஆயில் ஸ்டோன் மேலும் கீழுமாக இரண்டு விளிம்பில் மட்டும் உட்காரும், அதனால் வேலை சீக்கிரம் முடியும்.

இனி அவன் அனுப்பின விலை கூடின படம், கிண்ண வடிவக் கல் (கப் வீல்) போட்ட டூல் கிரைண்டர். கல்லின் தட்டையான முகத்தில் அரைக்கும், முன்னால் சாய்கிற வார்ப்பிரும்பு டேபிள், அதில் டிகிரி போட்டிருக்கும், கோண கேஜ் நகர ஒரு காடி, தலைகீழாகவும் சுற்ற ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்ச் அலங்காரத்துக்கு இல்லை. விடியா பிடிக்கும்போது கல் வெட்டு முனையிலிருந்து உடம்பை நோக்கி ஓடணும், எதிர்ப்பக்கம் ஓடினால் முனை பொடிப்பொடியாக உடையும். வலக்கை டூலுக்கு ஒரு திசை, இடக்கை டூலுக்கு மறு திசை. நாள் முழுக்க விடியா போட்டு வார்ப்பிரும்பு கடைகிற பட்டறை என்றால், பம்ப் பாடி, புல்லி மாதிரி வேலை, இதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். இதில் வைரக் கப் போட்டுப் பிடித்த விடியா முனையையும் பச்சைக் கல்லில் பிடித்த முனையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சைக் கல் முனை ரம்பம் மாதிரி இருக்கும். ஆனால் வைரக் கல்லில் எச்எஸ்எஸ்ஸையோ டூலின் இரும்புத் தண்டையோ வைக்காதீர்கள், வைரம் கார்பன், சூட்டில் இரும்பு அதைத் தின்னும், கல்லும் அடைத்துக்கொள்ளும். தண்டை முதலில் சாதாரணக் கல்லில் ரெண்டு டிகிரி கூடுதலாக வழித்துவிட்டு, விடியாவை மட்டும் வைரத்தில் தொடணும். ஆக இந்த மெஷின் வாங்கினாலும் ஒரு பெஞ்ச் கிரைண்டர் பக்கத்தில் இருந்தே தீரணும். இன்னொன்று, விடியா தூளில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாமல் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எப்போதாவது விடியா என்கிறவனுக்கு 8 இஞ்ச் மெஷினின் ஒரு பக்கத்தில் பச்சை சிலிக்கான் கார்பைடு கல் போதும். தேயும், தூள் பறக்கும், முனை சுமார்தான், ஆனால் மாதத்துக்கு நாலு டூலுக்கு யார் வைரம் வாங்குவது. சாம்பல் கல்லில் விடியா பிடிக்கப் பார்த்தவன் நான், கல்லில்தான் பள்ளம் விழுந்தது, விடியா அப்படியே இருந்தது.

மற்றவை வேகமாக. பெல்ட் கிரைண்டர் சூடு குறைவு, எச்எஸ்எஸ்ஸைக் கரடாக வழிக்கப் பிரமாதம், ஆனால் பெல்ட் லேசாகத் தூக்கிக்கொடுத்து முனையை உருட்டிவிடும், பின்னால் தகடு அண்டக் கொடுத்திருந்தாலும் கூர் கொஞ்சம் போகும், கத்தி செய்கிறவர்களுக்கு அது. சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) கல் எச்எஸ்எஸ்ஸுக்கு அருமை, வருஷக்கணக்கில் விட்டம் மாறாது, டிரஸ்ஸரே வேண்டாம், ஆனால் கல் விலை மெஷின் விலையைத் தாண்டிவிடும், ஒரே ஒரு ஆள் மறந்துபோய் மைல்ட் ஸ்டீலைத் தொட்டால் அடைத்துக்கொள்ளும். நாலு பேர் கை வைக்கிற பட்டறையில் அது நிலைக்காது. தண்ணீரில் ஓடுகிற மெதுவான சாணை, டார்மெக் மாதிரி, நிமிடத்துக்கு 90 சுற்று, உளிக்கும் கத்திக்கும் சொர்க்கம், 12 மில்லிமீட்டர் எச்எஸ்எஸ் பிட்டில் கோணம் எடுக்கப் போட்டால் டீ குடித்து, சாப்பிட்டு வரலாம். கோலெட் (கட்டரைச் சுற்றிக் கவ்வுகிற பிளவுக் குழாய்) போட்டுச் சுழற்றுகிற யுனிவர்சல் கட்டர் கிரைண்டர் ஒன்றையும் அனுப்பியிருந்தான், ஜெர்மன் டெக்கல் மெஷினைப் பார்த்துச் செய்த சீனச் சரக்கு. எழுத்து வெட்டுகிற கட்டருக்கும் சின்ன போரிங் டூலுக்கும் அழகாகச் செய்யும், அந்த வேலை அவனிடம் இல்லை. ஆங்கிள் கிரைண்டரை வைஸில் கவ்வித் தலைகீழாக நிறுத்திச் சாணை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், விரல் பத்தும் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பழையது வாங்கலாமா என்று கேட்டான். வாங்கலாம், கிரைண்டர் மாதிரிப் பழையதாக வாங்க ஏற்ற மெஷின் கம்மி. உள்ளே என்ன இருக்கிறது, ரோட்டார், இரண்டு பேரிங், ஒரு கெப்பாசிட்டர். உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் நான் எடுத்த 8 இஞ்ச் மெஷின் இன்னும் ஓடுகிறது. பார்க்கிற முறை: இரண்டு கல்லையும் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், மோட்டார் மேல் ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்தி வையுங்கள். நின்றால் ரோட்டார் சரி. சுவிட்சை அணைத்ததும் எவ்வளவு நேரம் தானாகச் சுற்றுகிறது என்று கவனியுங்கள், சட்டென்று நின்றால் பேரிங் போயிருக்கும், அது பெரிய செலவில்லை, விலை பேச ஒரு சாக்கு. ஸ்பிண்டில் வளைந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். இடது பக்க நட்டு இடது மரை, கழற்றும்போது தெரியாமல் முறுக்கி உடைத்துவிடாதீர்கள். காசு நிற்காவிட்டாலோ, கடைக்காரர் கல்லைக் கழற்ற விடாவிட்டாலோ அடுத்த கடைக்குப் போங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் கப் வீல் மெஷின் படத்தைத் திரும்ப ஒரு தடவை அனுப்பினான். ஆசை அவனை விடவில்லை. "டிகிரி போட்டிருக்குதுங்க மாமா, பழகறவனுக்கு சுலபமா இருக்குமுங்க" என்றான். அதில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசில் 1,440 சுற்று 8 இஞ்ச் மெஷின், ஒரு வெள்ளைக் கல், ஒரு பச்சைக் கல், டிரஸ்ஸர், ஆயில் ஸ்டோன் எல்லாம் வாங்கினாலும் லேத்தில் வேலையைக் கவ்விப் பிடிக்கிற ஒரு நாலு தாடைச் சக்குக்கு மிச்சம் இருக்கும், அவன் லேத்தில் இப்போது இருக்கிற சக்கு வாய் விரிந்து கிடக்கிறது. சக்கு என்றதும்தான் மனசு மாறினான்.

மெஷின் சனிக்கிழமை வருகிறதாம். ரெஸ்ட்டுக்குப் பட்டை என்னிடம் ஒரு துண்டு கிடக்கிறது, ஸ்லாட் மட்டும் போடணும்.